உப்பளத்து உடலும் உறிஞ்சல் மருத்துவமும்: மரக்காணம் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: மரக்காணம், உப்பளம், புற மருத்துவம், தொக்கணம், உறிஞ்சல், தசைப்படல வலி

முன்னுரை

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் அமைந்த மரக்காணம் தமிழ் ஆய்வுலகிற்குப் புதிய ஊரன்று. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொண்ட முடிபாகும். அந்நூலில் உமணரின் வண்டிகள் வருகின்றன. அவர்தம் பிள்ளைகளோடு விளையாடும் மந்தியும் வருகிறது. உப்பை வாரியவரின் தோளும் இடுப்பும் வரவில்லை. ஆற்றுப்படையிடம் அதனை எதிர்பார்ப்பது முறையுமன்று. எனினும், எண்ணும் அளவும் கொண்டு உப்பைக் கணக்கிட்ட பிற்கால அரசாவணங்களிலும் அவ்வுடல் இடம்பெறாமற் போனது ஏன் என்னும் வினா எழுகிறது. அண்மைக் காலமாகத் தசைப்படல வலிக்கு உறிஞ்சுக் குடுவை வைக்கும் சிகிச்சை 'பழந்தமிழர் மருத்துவம்' என்ற பெயரில் பரவிவருவதால் இவ்வினா வெறும் பழமை ஆராய்ச்சியாக நின்றுவிடுவதில்லை. அச்சிகிச்சைக்குத் தமிழ் மருத்துவ மரபில் உள்ள இடம் யாது, அதன் பயனுக்கு இன்றுள்ள சான்று யாது என்னும் இரண்டையும் உப்பளத் தொழிலாளரின் உடலோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

இரண்டு அதிகாரங்களுக்கு இடையில்

கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பைத் தன் தனியுரிமையாக்கியது. விளைவித்தோர்க்குக் 'குடிவாரம்' என்ற தொகை வழங்கப்பட்டது. விளைச்சல் கரிசையிலும் மணங்கிலும் எழுதிவைக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையாக மரக்காணம் அமைந்தமையால் உப்பு படகேறிச் சென்னைக்குச் சென்றது. 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் உற்பத்தி, இருப்பு, வரி, கடத்தல் ஆகியவற்றையே கண்ணாகக் கொண்டது.

டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியின் அமைப்பு இவ்விடத்தில் நோக்கத்தக்கது. அக்கால மாவட்டச் சுவடிகள் அனைத்திற்கும் பொதுவான வரிசைப்படி பொதுச் சுகாதாரம் ஓர் அதிகாரம். உப்பும் ஆப்காரியும் பிற வருவாய்களும் மற்றோர் அதிகாரம். முன்னது கொள்ளைநோய்களையும் மருத்துவமனைகளையும் பேசும். பின்னது வருவாயைப் பேசும். பாத்தியில் நின்றவர் இரண்டிற்கும் இடையில் விழுந்துவிட்டார். அவருடைய நோய் தொற்றுவதில்லை. ஆதலின் சுகாதார அதிகாரத்திற்கு உரியதன்று. அது வரியைக் குறைப்பதுமில்லை. ஆதலின் வருவாய் அதிகாரத்திற்கும் உரியதன்று. வலி இல்லாமையால் பதிவு இல்லை என்று கருதுவதினும், பதிவதற்குரிய கட்டம் இல்லாமையால் வலி பதிவாகவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

உப்பளப் பணியின் இயல்பு இதனை உறுதிப்படுத்துகிறது. பருவத் தொடக்கத்தில் பாத்தியின் தரையை மிதித்து இறுக்கவேண்டும். பின்னர் உப்புநீரில் நின்று, நீண்ட கோலில் பொருத்திய பலகையைத் தன்பால் இழுத்து உப்பை வாரவேண்டும். வாரிய உப்பைக் கூடையில் தலைச்சுமையாக மேட்டிற்குக் கொண்டுசெல்லவேண்டும். இச்சுமை பெரும்பாலும் பெண்களுடையது. ஒரே அசைவு ஆயிரம் முறை நிகழும்போது கழுத்து, தோட்பட்டை, கீழ்முதுகு ஆகிய இடங்களின் தசைகள் முடிச்சிட்டாற்போல் இறுகுகின்றன. பிடிப்பு, கடுப்பு, குடைச்சல், உளைச்சல், இழுப்பு எனத் தமிழ் வழக்கு இவ்வலிகளை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளது. ஆவணத்தில் இல்லாத வலி அகராதியில் உள்ளது.

கொம்பு எது, உறிஞ்சல் எது?

சித்த மருத்துவம் புற மருந்துகளை முப்பத்திரண்டாக வகுக்கும். அவற்றுள் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். பட்டியலின் இறுதிப் பகுதியில் அறுவை, கொம்பு கட்டல், உறிஞ்சல், குருதி வாங்கல், பீச்சு என்பன தொடர்ந்து வருகின்றன.

உறிஞ்சுக் குடுவைக்குப் பழஞ்சான்று தேடுவோர் 'கொம்பு கட்டல்' என்பதையே முதலில் எடுத்துக்காட்டுவர். இக்கருத்து மறு ஆய்வுக்குரியது. கொம்பு என்னும் சொல் விலங்கின் கொம்பையும் மரக்கிளையையும் ஒருங்கே குறிக்கும். எலும்பு முறிந்த இடத்தில் மூங்கிற் சிம்பு முதலியன வைத்துக் கட்டுதலே கொம்பு கட்டல் என விளக்குவோரும் உளர். வினையை நோக்கினால் அவ்விளக்கமே வலுவுடையது. சிம்பைக் கட்டலாம், உறிஞ்சு கொம்பை வைப்பதன்றிக் கட்டுவதில்லை. முறிச்சல் என்பது பட்டியலில் முன்னரே தனியாக இருப்பதால் எலும்பு சார்ந்த முறை மீண்டும் வருவானேன் என்று வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அதனை மட்டும் கொண்டு கொம்பு கட்டலைக் குடுவை மருத்துவமாக்கிவிட இயலாது. எதிரழுத்தத்தால் தோலையும் தசையையும் மேலெழச் செய்யும் முறைக்கு ஐயமற நிற்கும் தமிழ்ச் சொல் 'உறிஞ்சல்' என்பதே.

வடமொழி மரபில் இக்குழப்பம் இல்லை. சுசுருத சம்கிதையின் சூத்திரத்தானம் குருதி வாங்குவதற்குக் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை ஆகிய மூன்றையும் முறையே வாத, பித்த, கபத்தோடு பொருத்திக் கூறுகிறது. கிரேக்க மரபிலும் குடுவை உண்டு. யூனானி மருத்துவம் அதனை ஹிஜாமா என வழங்குகிறது. எனவே இது தமிழர்க்கே உரிய கண்டுபிடிப்பு என்னும் பெருமிதத்திற்கு இடமில்லை. தமிழ்ப் பட்டியலின் தனித்தன்மை வேறு. அழுத்துதல், இழுத்தல், உறிஞ்சுதல் என உடலின் மீது செலுத்தப்படும் விசையின் திசைகளை அது தனித்தனிப் பெயரிட்டு நிறுத்துகிறது. குருதி எடுக்காத உறிஞ்சலையும் குருதி வாங்கலையும் வேறு வேறாகவும் வைக்கிறது. இன்றைய விளம்பரங்கள் பல அழித்துவிடும் வேறுபாடு இதுவே.

புதிய பெயரும் புதிய சான்றும்

இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் இவ்வலிக்குப் பெயர் தேடி அலைந்தது. 1904இல் வில்லியம் கவர்ஸ் 'ஃபைப்ரோசைட்டிஸ்' என்றார். ஜேனட் டிராவெல் 1952இல் சீமோர் ரின்ஸ்லருடன் 'மயோஃபேஷியல்' வலியின் தோற்றத்தை விளக்கினார். 1983இல் டேவிட் சைமன்ஸுடன் இணைந்து தூண்டுபுள்ளிகளின் கையேட்டை வெளியிட்டார். அப்புள்ளிகள் தசையிலேயே உள்ளனவா என்பதை ஜான் குவின்ட்னர் முதலியோர் 2015இல் கடுமையாக வினவினர், விவாதம் முடியவில்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் தெரிந்த செந்நிற வட்டங்கள் குடுவைக்கு உலகப் புகழ் தந்தன. அதே ஆண்டில் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு அத்தனை புகழ் பெறவில்லை. பரவலான தசைவலி நோயான ஃபைப்ரோமயால்ஜியா உடைய 141 பேரை அவ்வாய்வு மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவிற்கு மெய்க்குடுவை, மற்றொன்றிற்குச் சிறுதுளையிட்டு உறிஞ்சாதபடி செய்த போலிக்குடுவை, மூன்றாம் குழுவிற்கு வழக்கமான மருத்துவம். மெய்க்குடுவை வழக்கமான மருத்துவத்தினும் மேலாக இருந்தது. போலிக்குடுவையினும் மேலாக இல்லை. பிற வலிகளில் குறுங்கால நிவாரணம் காட்டும் ஆய்வுகள் உள்ளன. அவற்றின் சான்றுத்தரம் தாழ்வானது. ஒரு முறை பட்டியலில் இருப்பது அதன் தொன்மைக்குச் சான்றாகும், பயனுக்குச் சான்றாகாது.

மீண்டும் பாத்திக்கு

உப்பளத் தொழிலாளரின் உடல்நலம் இன்று முற்றிலும் பேசப்படாததன்று. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்தாரை நாவலுக்குள் கொண்டுவந்தது. ஜோத்பூர் பாலைநில மருத்துவ ஆய்வு மையத்தார் ராஜஸ்தான் உப்புத் தொழிலாளரின் தொழில்சார் நோய்களையும் இரத்த அழுத்தத்தையும் ஆராய்ந்தனர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தார் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரிடம் வெப்பத் தாக்கத்தையும் சிறுநீரக நலிவையும் அளந்தனர். இவை இன்றியமையாதவை. ஆனால் தசைவலி இவற்றின் மையமன்று.

அவ்விடத்தைக் குடுவை நிரப்புமா என்பது ஆராயத்தக்கதே. இரு எச்சரிக்கைகள் வேண்டும். உப்புநீரால் வெடிப்புற்ற தோலில் கீறிக் குருதி வாங்குவது கிருமித்தொற்றுக்கு வழிதிறக்கும். வெயிலில் நீரிழந்த உடலுக்கு அது மேலும் தீங்காகலாம். ஆதலின் சோதனை உறிஞ்சலோடு நிற்றல் வேண்டும். மற்றொன்று ஒப்பீடு பற்றியது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணத்துப் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. வாரும் பலகைகள் ஓய்கின்றன. கூலியற்ற அந்த மாதங்கள் குடும்பத்திற்குத் துன்பம், தசைக்கு ஓய்வு. எந்தக் குடுவையும் வைக்காமலே அக்காலத்தில் தோள்வலி எவ்வளவு குறைகிறது என்பதை முதலில் அளந்து, அதன் பின்னரே போலிக்குடுவையோடும் மெய்க்குடுவையோடும் ஒப்பிடவேண்டும். மழைக்காலத்தை விட்டுவிட்டுக் கோடையில் மட்டும் செய்யப்படும் ஆய்வு, ஓய்வால் குறைந்திருக்கக்கூடிய வலியையும் குடுவையின் கணக்கில் எழுதிவிடும்.