போடி மலைச்சரிவும் புள்ளினக் கள ஆய்வும்

தோற்றுவாய்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த தமிழர், ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் புள்ளையும் ஒன்றாக வைத்தனர். குறிஞ்சிக்கு மயிலும் கிளியும் உரியன என்பர் உரையாசிரியர். ஒரு நிலத்தின் இயல்பை அங்கு வாழும் பறவையைக் கொண்டு அறியலாம் என்னும் கருத்து இவ்வகுப்பில் பொதிந்துள்ளது. இக்காலப் பறவையியலாரும் ஏறத்தாழ இக்கருத்திலிருந்தே தொடங்குகின்றனர். எனினும், எந்தப் பறவை, எவ்வளவு உயரத்தில், எந்த ஆண்டில், எத்தனை என்னும் வினாக்களுக்கு விடை கூறுவது இலக்கியத்தின் கடமை அன்று. கள ஆய்வே அதற்கு வழி. போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் ஆய்ந்தோர் யாவர், அவர்தம் ஆய்வால் விளைந்தது யாது என்பன ஈண்டு எண்ணத்தக்கன.

மலையும் வழியும்

போடி நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும்போது உயரம் 1,300 மீட்டருக்கு மேற்படும். குரங்கணி வழியாக ஏறினால் கொழுக்குமலை 2,000 மீட்டரையும் தாண்டி நிற்கும். முட்புதர்க்காடு, இலையுதிர்காடு, ஏலத்தோட்டம், சோலை, மலைப்புல்வெளி என ஐவகைச் சூழல்களை ஒரே பகலில் இங்குக் காணலாம். உயரம் மாறுந்தோறும் பறவையும் மாறும்.

இச்சரிவு யாரும் அறியாத காடாக இருந்ததில்லை. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. அத்தேயிலையை டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவந்த குண்டளை இரயில்பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்தது. ஏலக்காயோ இன்றளவும் போடிக்கே ஏலத்திற்கு வருகின்றது. வணிகர் நன்கறிந்த இம்மலையைப் பறவை ஆய்வாளர் பகுதி பகுதியாகவே அறிந்தனர்.

முதற் பட்டியல்கள்

வடக்கே பழனி மலையில் பறவைகளைத் திரட்டியவர் அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் பேர்பேங்க். அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு பிளான்போர்டு என்னும் அறிஞர் 1868, 1869 ஆகிய ஆண்டுகளில் இரு புதிய பறவைகளை விவரித்தார். ஒன்று, நீல உடலும் வெண்வயிறும் கொண்டு சோலையின் நிழலில் தரையொட்டி வாழும் சிறுபறவை. மற்றொன்று, சிரிப்பொலி போலக் குரலெழுப்பும் பழனிச் சிரிப்பான். அது பேர்பேங்கின் பெயரையே தாங்குகின்றது. பழனி மலைப் பறவைகளைப் பற்றிய அவருடைய பட்டியல் 1877இல், ஆலன் ஹியூம் நடத்திய பறவையியல் இதழில் வெளிவந்தது.

அக்காலத்து ஆய்வு துப்பாக்கியால் நிகழ்ந்தது. பறவையைச் சுட்டு, தோலுரித்துப் பதப்படுத்தி, இடமும் நாளும் எழுதிய சீட்டைக் காலில் கட்டி வைப்பர். இன்று அது கொடுமையாகத் தோன்றலாம். எனினும் ஒரு பறவை ஓரிடத்தில் இருந்தது என்பதற்கு அச்சீட்டே இன்றும் மறுக்கவியலாச் சான்றாக உள்ளது.

சாலிம் அலியின் ஆய்வு

ஏலமலையைப் பொறுத்தவரை தலையாய ஆய்வு 1933இல் நிகழ்ந்தது. திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பாகச் சாலிம் அலி அதனை மேற்கொண்டார். மறையூர், மூணாறு, சாந்தன்பாறை, குமுளி எனப் பல இடங்களில் முகாமிட்டுப் பறவைகளைத் திரட்டினார். இவற்றுள் சாந்தன்பாறை போடிமெட்டிலிருந்து பூப்பாறை வழியே எளிதில் சென்றடையும் ஏலமலை ஊர். ஆய்வு முடிவுகள் ஹியூ விஸ்லரின் குறிப்புகளோடு 1935 முதல் கழகத்தின் இதழில் தொடர்ந்து வெளிவந்தன, 1953இல் நூலாயின, 1969இல் கேரளப் பறவைகள் பற்றிய நூலாக விரிந்தன.

ஆயின் இது திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆய்வு. மலைமுகட்டின் மேற்குப்புறம் திருவிதாங்கூர். கிழக்குச் சரிவு சென்னை மாகாணத்து மதுரை மாவட்டம். முகட்டில் வாழும் இருவாச்சிக்கு இந்த எல்லை இல்லை; ஆய்வுக்கு இருந்தது. மதுரை மாவட்டப் பறவைகளை நிக்கல்ஸ் என்பவர் 1940களில் தனியே தொகுத்து அதே இதழில் எழுதினார். ஒரே மலையின் இரு முகங்கள் இவ்வாறு இரு வேறு ஏடுகளில் பதிவாயின. போடிச் சரிவின் வரலாற்றை எழுத முற்படுவோர் இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

மேகமலை தந்த பாடம்

தெற்கே மேகமலையில் நிகழ்ந்த ஒன்று, பறவையைப் பற்றியதன்று எனினும் இங்கு நினைக்கத்தக்கது. தேயிலைத் தோட்ட அலுவலரான ஆங்கஸ் ஹட்டன் 1948இல் அங்கு ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துக் கழகத்திற்கு அனுப்பினார். அது பொதுவான வேறோர் இனமென்று பெயரிடப்பட்டு அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா மீண்டும் ஆராய்ந்து, அது முற்றிலும் புதியதோர் இனம் என்று கண்டு, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். இருபத்துநான்கு ஆண்டுகள் பெயரற்றிருந்த ஓர் உயிரை மீட்டது ஹட்டன் காத்து வைத்த சான்றே. திரட்டுபவர் உழைப்பும், பிற்காலத்தார் மறுநோக்கும் சேர்ந்தே ஆய்வு நிறைவு பெறும்.

மறு ஆய்வு காட்டியவை

பழைய பட்டியலின் மதிப்பு மறு ஆய்வின்போதே விளங்கும். சாலிம் அலி சென்ற இடங்களுக்கே ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2009இல், கேரள வனத்துறையின் துணையுடன் பறவை ஆய்வாளர் மீண்டும் சென்றனர். இம்முறை கையிலிருந்தது துப்பாக்கியன்று, இருநோக்கியும் குறிப்பேடும். குறித்த இடத்தில் குறித்த நிமிடங்கள் அசையாது நின்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் எண்ணும் முறை இன்றைய ஆய்வுகளில் பெருவழக்கு. சோலைப் பறவைகளைப் பொறுத்தவரை கண்ணைவிடக் காதே முந்தும்.

1933ஆம் ஆண்டு ஆய்வில் மயில் பதிவாகவில்லை என்று பிற்கால ஆய்வாளர் குறிப்பர். இன்றோ கேரளத்தின் பல பகுதிகளில் மயில் பெருகியுள்ளது. மயிலின் பெருக்கம் கண்டு மகிழ்வதற்கு மாறாக, நிலம் வறண்டு வருவதன் அறிகுறியாக ஆய்வாளர் அதனைக் கருதுகின்றனர். குறிஞ்சியின் கருப்பொருளே அந்நிலத்தின் மாற்றத்தை உணர்த்தும் முரண் இது. பழைய பட்டியல் இல்லையேல் இம்மாற்றம் புலப்பட்டிராது.

காப்பின் தேவை

இச்சரிவின் பறவைகளுள் பெரிய இருவாச்சியின் நிலை எண்ணத்தக்கது. பெருமரத்தின் பொந்தில் பெடை புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, சிறு பிளவின் வழியே சேவல் பழம் கொணர்ந்து ஊட்டும். ஆகவே பொந்துடைய முதுமரமும், ஆல், அத்தி இனங்களின் பழமும் இன்றி இப்பறவை இல்லை. ஏலம் நிழலில் விளையும் பயிர் என்பதால், பழைய ஏலத்தோட்டங்களில் பெருமரங்கள் நின்றன. காட்டுப் பறவைகளுக்கும் இடமிருந்தது. மிகுவிளைச்சல் தரும் ஞள்ளானி போன்ற வகைகள் பரவியபின் நிழல் கழிக்கப்பட்டது, பூச்சிமருந்தும் மிகுந்தது. மேலே மலைப்புல்வெளிகளைத் தேயிலையும் அயல்மரங்களும் கொண்டதால், அங்கு மட்டுமே வாழும் நீலகிரி நெட்டைக்காலியின் இடம் குறுகியது.

சட்டத்தின் காப்பும் படிப்படியாக வந்தது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பெரிய இருவாச்சிக்கு உயரிய காப்பை அளித்தது. பூப்பாறைக்கு அருகே மதிகெட்டான் சோலை 2003இல் தேசியப் பூங்கா ஆயிற்று. திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அமைந்தது. எனினும் ஏலத்தோட்டத்தின் மரம் நிற்பதும் வீழ்வதும் உரிமையாளர் முடிவையும் சந்தை விலையையும் பொறுத்தே உள்ளன. சட்டம் காட்டைக் காக்கலாம். தோட்டத்து இருவாச்சியைக் காக்க விளைவிப்போரின் இசைவும் வேண்டும். நிழல்மரம் காத்த தோட்டத்து ஏலத்திற்கு உரிய விலை கிடைத்தால் அவ்விசைவு எளிதாகும்.

பெயரும் மொழியும்

பறவையாய்வில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு. சங்கப் பாடல்களின் புள்ளினங்களைப் பி. எல். சாமி ஆராய்ந்தார். தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் நாட்டுப்புறத்தில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். கொட்டகுடிப் பக்கத்து முதுவரும் போடி மலையடிப் பளியரும் பறவைகளை எப்பெயரால் அழைக்கின்றனர், எக்குரலை எதன் அறிகுறியாகக் கொள்கின்றனர் என்பன முறையாகத் தொகுக்கப்பட வேண்டும். அறிஞர் பலருக்கு வழிகாட்டியோர் மலைமக்களே. ஆயினும் பட்டியல்களில் அவர்கள் பெயர் அருகியே காணப்படுகின்றது. முதியோர் மறைய மறையச் சொற்களும் மறைகின்றன. பொங்கல் நாள்களில் பொதுமக்களே பறவைகளை எண்ணும் வழக்கம் 2015 முதல் தமிழகத்தில் நடைபெறுகின்றது. அக்கணக்கோடு வட்டாரப் பெயரையும் குறித்து வைத்தால் இருதுறையும் பயன்பெறும்.

நிறைவாக

பேர்பேங்க் அனுப்பிய அந்த நீலச் சிறுபறவையை மரபணு வழி ஆராய்ந்த அறிவியலார், 2017இல் அதற்கெனப் புதியதொரு பேரினத்தை வகுத்து ‘சோலிகோலா’ என்று பெயரிட்டனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். முற்பகுதி தமிழ்ச்சொல்லாகிய சோலை. உலக அறிவியலேட்டில் ஒரு தமிழ்ச்சொல் நிலைபெற்றுவிட்டது. அச்சொல் சுட்டும் காடு போடி மலைமுகட்டில் நிலைபெறுவது, இச்சரிவில் வாழ்வோரும் இனி இதனை ஆய்வோரும் செய்யும் பணியைப் பொறுத்தது.