கண்டிக்குப் போகும் வழியில் ஒரு லயன் அறை

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் குழுவாக இலங்கைக்கு வரும்போது கண்டிக்கென்று ஒரு நாளை ஒதுக்குவது வழக்கம். நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒன்றுதான்: தலதா மாளிகை, அதன் அருகிலுள்ள தேசிய நூதனசாலை, பேராதனைப் பூங்கா, நேரம் மிஞ்சினால் ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலை. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றுக்கு இந்த நிரலில் அரை மணி நேரம்கூட இல்லை என்பது எனக்கு நெடுநாளைய உறுத்தல். அதைச் சேர்க்கக் கொழும்பிலிருந்து போகும் பாதையை மாற்றினாலே போதும்.

கடுகண்ணாவை வீதியை விட்டுவிட்டு, அவிசாவளை வழியாக ஹட்டன் வீதியில் ஏறுங்கள். 1957 இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படமாக்கப்பட்ட கித்துல்கலையில் வழிகாட்டிகள் தவறாமல் வண்டியை நிறுத்துவார்கள். அதைத் தாண்டி வரும் பொல்பிட்டியவில் நிறுத்துபவர் அரிது. அங்குள்ள நீர்மின் நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. மஸ்கெலியாத் தோட்டங்களின் மலைகளிலிருந்து இறங்கும் நீரே அதன் சுழலிகளைச் சுற்றுகிறது. அந்த நீர் நாட்டுக்கு ஒளி தந்துகொண்டிருந்த காலத்தில், அது புறப்பட்ட மலைகளில் இருந்த லயன்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. வண்டியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

பிறகு கினிகத்தேனவில் ஹட்டன் வீதியிலிருந்து பிரிந்து, நாவலப்பிட்டி வழியாகக் கம்பளைக்கு வரலாம்.

கதை தொடங்குவதே கம்பளையில்தான். 1820களின் முற்பகுதியில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் இவ்வூரை அடுத்த சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பி பரவியபோது அதில் வேலை செய்ய ஆட்கள் தமிழகத்திலிருந்து வந்தனர். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் என்று பல பகுதிகளிலிருந்து புறப்பட்டுக் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்தப் பாதையோரத்தில் இறந்தவர்கள் ஏராளம். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்ததை வாசகர்கள் அறிவீர்கள். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. உழைத்தவர்கள் அதே மக்களே.

கம்பளைக்கு அருகில், பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு பழைய லயனையே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக ஆக்கியிருக்கிறது சமூக அபிவிருத்தி நிறுவனம். 2007 இல் திறக்கப்பட்டது. வீட்டுப் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், நகைகள், தப்பு முதலான வாத்தியங்கள், புகைப்படங்கள், ஆவணங்கள் அங்குள்ளன. என்றாலும் அங்கே முதன்மையான காட்சிப்பொருள் அறைதான் என்பேன். லயன் அறை என்பது பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நாற்பது பேரை அழைத்துவரும் அமைப்பாளர் அவர்களை நான்காகவோ ஐந்தாகவோ பிரித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட அறையில்தான் ஒரு குடும்பம் சமைத்தது, பிள்ளை பெற்றது, பிணத்தைக் கிடத்தியது. வெளியே முறைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்லி வைக்கலாம். ஒன்று, தோட்டம் மாற விரும்பும் தொழிலாளியின் கடனைக் காட்டி அவரைக் கட்டிவைத்த ‘துண்டு’ முறை, 1921 இல்தான் ஒழிந்தது. மற்றது, 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964 ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும். 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று அவர்களைக் கேளாமலே பங்கிட்ட ஒப்பந்தம் அது. குழுவில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தவர் இருந்தால் அவர்களே பேசட்டும். வழிகாட்டி வாயை மூடிக்கொள்வது நல்லது.

ஹந்தானைக்கு அதன் பிறகே போக வேண்டும். இந்த வரிசையில் நான் பிடிவாதமாக இருப்பேன். 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையை நூதனசாலையாக்கி 2001 இல் திறந்தார்கள். பழைய இயந்திரங்களைப் பேணியிருக்கும் நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும். மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டே மலைகளைப் பார்க்கலாம். லூல்கந்துரவில் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு அங்கே உரிய இடம் உண்டு. லயன் அறையைப் பார்க்காமல் இதை மட்டும் பார்ப்பவருக்கு, உருளைகள் தாமாகவே சுழன்றன என்று தோன்றினால் வியப்பில்லை. 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை தனி மண்டபம் எழுப்பித் தேநீர் பரிமாறிய காலத்திலிருந்தே தேயிலையைக் காட்சிக்கு வைக்கும் முறை இதுதான்: கோப்பை முன்னே வரும், கொழுந்து பறித்த கை பின்னே போகும்.

பொழுது சாயுமுன் கண்டி மஹையாவ மயானத்தையும் பார்த்துவிடலாம். 1892 இல் இறந்த டெய்லரின் கல்லறை அங்கேயே இருக்கிறது. லூல்கந்துரவிலிருந்து கண்டி வரை அவர் உடலைத் தோளில் சுமந்து நடந்தவர்கள் அவருடைய தோட்டத்துத் தொழிலாளர்கள். இரு அணிகளாக மாறி மாறிச் சுமந்தார்கள் என்று சொல்வார்கள். டெய்லரின் பெயர் கல்லறையில் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஹந்தானையிலும் இல்லை, மஹையாவையிலும் இல்லை.

பி.கு.: கம்பளை நூதனசாலைக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் செல்லுங்கள். தோட்டப் பாதைக்குப் பெரிய பஸ்ஸைவிடச் சிறிய வான்களே உகந்தவை.