பழைய ஜேசிபி வாங்கப் போறீங்களா? ‘கம்யூனிகேஷன் எரர்’ வந்தா முதல்ல பார்க்க வேண்டியது 60 ஓம்!

மதுரை விளாங்குடி பக்கம் ஒருவர் செகண்ட்ஹேண்டில் ஜேசிபி பார்க்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயின்ட் பளபளக்கிறது. டயர் நன்றாக இருக்கிறது. சாவியைத் திருப்பினால் எஞ்சினும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் பத்து நிமிடம் ஓடியதும் டிஸ்ப்ளேயில் ஒரு எச்சரிக்கை. ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் ஆர்பிஎம் ஏறவில்லை. “அது சென்சார் பிரச்சினைண்ணே, துடைச்சா போயிடும்” என்கிறார் விற்பவர். “இசியு போச்சு, மாத்தணும்” என்கிறார் கூட வந்த மெக்கானிக்.

இரண்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும், பிரச்சினை எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்தப் பிரச்சினை இப்போது ஏன் அதிகம் பேசப்படுகிறது?

பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் டீசல் அளவைத் தீர்மானித்தது பம்ப்தான். 2021 ஏப்ரல் 1 முதல் சக்கரத்தில் ஓடும் கட்டுமான வாகனங்களுக்கு பாரத் ஸ்டேஜ் சிஇவி-4 புகை விதி வந்தது. 2025 ஜனவரி 1 முதல் சிஇவி-5. இந்த விதிகளுக்கு ஏற்ப எஞ்சின்கள் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக்கு மாறின. சிஇவி-4 வண்டிகள் இப்போது கைமாறத் தொடங்கிவிட்டன. அதனால் பம்ப், நாசில் பார்த்துப் பழகிய கைகள் இனி வயரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வண்டிக்குள் யார் யாருடன் பேசுகிறார்கள்?

எஞ்சின், கியர், ஹைட்ராலிக், டிஸ்ப்ளே என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கன்ட்ரோலர் இருக்கலாம். இவை எல்லாம் முறுக்கிய இரண்டு வயர்களில் பேசிக்கொள்கின்றன. இதற்குப் பெயர் ‘கேன் பஸ்’. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகம் செய்த முறை இது. கனரக வாகனங்களில் இதன் மேல் ஓடும் மொழி ‘ஜே1939’.

ஊர்க்கூட்டம் மாதிரிதான். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். இருவர் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால், முக்கியமான தகவல் முதலில் போகும், மற்றவர் காத்திருப்பார். இரண்டு வயரில் ஒன்று அறுந்தாலோ, உரசி ஷார்ட் ஆனாலோ கூட்டமே குழம்பிவிடும். அப்போது ஆள் நன்றாக இருந்தும் ‘பதில் இல்லை’ என்றுதான் பதிவாகும். நல்ல இசியு மேல் பழி விழுவது இப்படித்தான்.

முதல் வேலை: பேட்டரி, எர்த்

பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு ஆரம்பிக்கவும். பேட்டரி வலு குறைந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோலர்கள் அணைந்து எழும். அதுவும் கம்யூனிகேஷன் கோடாகவே பதிவாகலாம். பேட்டரி டெர்மினல், சேசிஸ் எர்த், ஃபியூஸ் மூன்றையும் பார்த்து, துரு இருந்தால் சுத்தம் செய்யவும்.

அடுத்து கோடுகளை அழிக்காமல் போட்டோ எடுத்துக்கொள்ளவும். ஒரே ஒரு கன்ட்ரோலர் மட்டும் பேசவில்லை என்றால், அதற்குப் போகும் கிளை வயர், கனெக்டர், ஃபியூஸ் மீது சந்தேகம். ஒரே நேரத்தில் பல கன்ட்ரோலர்கள் காணாமல் போனால், பொதுவான லைன் அல்லது பவர் சப்ளை மீது சந்தேகம். ஜே1939 கோடில் ‘எஸ்பிஎன் 639’ என்று வந்தால் அது நெட்வொர்க்கையே குறிக்கிறது.

இரண்டாவது: 60 ஓம் சோதனை

கேன் லைனின் இரண்டு முனையிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். இணையாக இருப்பதால் மொத்தம் 60 ஓம் காட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றி சில நிமிடம் விட்ட பிறகே அளக்க வேண்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளந்தால் கணக்கு தப்பும். ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட் இருந்தால் ‘சி’, ‘டி’ பின்களுக்கு இடையே அளக்கலாம்.

• 60 ஓம் அருகே: லைன் சரி
• 120 ஓம்: ஒரு முனை ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது
• 40 ஓம்: யாரோ கூடுதலாக ஒரு ரெசிஸ்டர் சேர்த்திருக்கிறார்கள்
• 0 அருகே: இரண்டு வயரும் ஒட்டி ஷார்ட்
• மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை: சாக்கெட்டுக்கு வரும் வயரே துண்டிப்பு

சில வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கேன் லைன் இருக்கும். அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும்.

மூன்றாவது: வோல்டேஜும் அசைப்பும்

பேட்டரியை மாட்டி சாவியை ஆன் செய்து, ஒவ்வொரு வயரையும் எர்த்துடன் அளக்கவும். ‘கேன் ஹை’ 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலே, ‘கேன் லோ’ சற்றுக் கீழே இருக்கும். ஏதாவது ஒன்றில் 12 அல்லது 24 வோல்ட் வந்தால் பேட்டரி லைனுடன் உரசல். 0 வந்தால் பாடியுடன் உரசல்.

மீட்டர் சரியாகக் காட்டியும் கோளாறு வந்து வந்து போகிறதா? வயர்க்கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே டிஸ்ப்ளேயைப் பாருங்கள். கேபின் அடியிலும், எஞ்சின் சூடு படும் இடத்திலும், கிளாம்ப் கழன்ற இடத்திலும் வயர் தேயும். ஷார்ட் பிடிபடவில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, கன்ட்ரோலர் கனெக்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து அளக்கவும். எதை எடுத்ததும் ரீடிங் சரியாகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். முனை ரெசிஸ்டர் சில கன்ட்ரோலர்களுக்கு உள்ளேயே இருக்கும். அதை எடுத்தால் 120 காட்டுவது இயல்பு.

கோளாறு எங்கிருந்து வருகிறது?

சைட்டிலேயே பக்கெட்டுக்கு வெல்டிங் அடிப்பது சகஜம். பேட்டரியையும் இசியு கனெக்டர்களையும் கழற்றாமல் அடித்தால் கன்ட்ரோலர் பழுதாகலாம். வாட்டர் சர்வீஸில் கனெக்டர் மேல் நேராகத் தண்ணீர் அடிப்பது பச்சை படிய வைக்கும். பின்னாளில் மாட்டிய ஜிபிஎஸ், அலாரம் போன்றவற்றுக்காக வயரைச் சீவி ஒட்டுப் போட்ட இடங்களையும் தேட வேண்டும். எலி கடித்த வயரும் உண்டு.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

சாவி ஆன் செய்ததும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைகின்றனவா பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஸ்கேனரில் இப்போதைய கோடு, பழைய கோடு இரண்டையும் கேளுங்கள். எல்லாமே காலியாக இருந்தால் காலையில்தான் அழித்தார்களோ என்று யோசிக்கவும். வண்டியை நன்றாகச் சூடேற்றி, மண் அள்ளவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். டிஸ்ப்ளேயில் உள்ள மணிக்கணக்கும் எஞ்சின் இசியுவில் உள்ள மணிக்கணக்கும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

‘இசியு மாத்தணும்’ என்று சொன்னால், பவர், எர்த், 60 ஓம் மூன்றும் சரியாக இருந்ததா என்று கேளுங்கள். வேறு வண்டி இசியுவை அப்படியே மாட்டினாலும் பார்ட் நம்பரும் புரோகிராமும் பொருந்தாவிட்டால் வேலை செய்யாது. மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ஓடும் வண்டி நின்றுபோனால் வருமானம் நிற்கும். இஎம்ஐ நிற்காது. அரை மணி நேரம் அளந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதே நல்லது.