மலைக்குப் போறவங்களுக்கு ஒரு சுமைப் பாதையின் கதை

எங்க ஊர்ல ஒருத்தர் "மலைக்குப் போறேன்"னு சொன்னா வேலைக்குப் போறார்னு அர்த்தம். சென்னையில சொன்னா லீவு போட்டுட்டார்னு அர்த்தம். ரெண்டும் ஒரே மலைதான், ஒரே ரோடுதான்.

போன வாரம் தங்கச்சி மகன் போன் பண்ணினான். "மாமா, பிரெண்ட்ஸ் மூணு பேரோட கார்ல வர்றேன். போடியில இருந்து மூணாறு. எங்கெங்க நிறுத்தலாம்? நல்ல வியூ பாயிண்டா சொல்லுங்க." பக்கத்துல மொச்சை உரிச்சுக்கிட்டிருந்த எங்க அம்மா, அதாவது அவனோட அம்மாச்சி, கேட்டுட்டுச் சிரிச்சாங்க. "இருபத்தஞ்சு வருசம் காய் எடுக்க அந்த ரோட்டுல போயிருக்கேன். நடுவுல ஒரு தடவைகூட நிறுத்தினதில்ல."

அந்தப் பேச்சு மனசுல நின்னுபோச்சு. இந்தப் பாதை யாரும் அழகு பார்க்கப் போட்ட பாதை இல்லை. சுமை ஏத்தவும் இறக்கவும் உண்டானது. அதனால அவனுக்கு வியூ பாயிண்ட் பட்டியல் எழுதாமல், சுமை கைமாறிய இடங்களின் பட்டியலை எழுதிக் கொடுத்தேன். கிளம்பும் எண்ணம் உள்ளவர்களுக்காக அதையே இங்கும் போடுகிறேன்.

முதல் நிறுத்தம் போடிநாயக்கனூரேதான். பலரும் இங்கே டீசல் போட்டுவிட்டுப் பறந்துவிடுகிறார்கள். ஏலக்காய் காய்ப்பது மலைக்கு மேலே, பெரும்பகுதி கேரளத்தில். ஆனால் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கும் ஊர்களில் போடியும் ஒன்று. கடைத்தெருவில் நடந்தாலே வாசனை சொல்லிவிடும். இந்த ஊருக்கு ரயில் வந்தது 1928-ல். அதற்கு முன் மலையிலிருந்து இறங்கிய சரக்கெல்லாம் மாட்டு வண்டியில்தான் வெளியே போனது. 2010-ல் அகலப் பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தினார்கள். மறுபடி ரயில் சத்தம் கேட்க 2023 ஜூன் வரை காத்திருந்தோம்.

அடுத்து முந்தல். மலை ஆரம்பிக்கும் இடம். விடிகாலையில் இங்கே நின்றால் ஜீப்புகள் வரிசையாக ஏறுவதைப் பார்க்கலாம். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், மனசு கொஞ்சம் பதறும். அந்த நேரத்தில் வளைவில் காரை நிறுத்தி செல்பி எடுக்காதீர்கள். மேலே ஏறும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதையின் சட்டம். கூலி நேரத்துக்குப் போகிறவர்களுக்கு வழி விடுவது மனுஷத்தன்மை.

ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் போடிமெட்டு. இரண்டு மாநிலத்துக்கும் சோதனைச் சாவடி இருக்கும். ஒரு டீயைக் குடித்துவிட்டு இந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். மொழிவாரி மாநிலங்கள் பிரித்தபோது, தமிழர்கள் நிறைந்திருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956-ல் கன்னியாகுமரிப் பகுதி வந்தது, இந்த மலை வரவில்லை. அன்றிலிருந்து எங்க ஊர்ப் பெண்கள் தினமும் வெளிமாநிலம் போய் வேலை பார்த்துவிட்டு, ராத்திரிச் சோறாக்க வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

பூப்பாறை தாண்டினால் ஏலம் குறைந்து தேயிலை ஆரம்பிக்கும். ஏலத்துக்கு மர நிழல் வேண்டும், அதனால் அங்கே காடு ஓரளவு மிஞ்சியது. தேயிலைக்கோ வெயில் வேண்டும், அதற்காகக் காட்டையே மொட்டையடித்தார்கள். கண்ணுக்குப் பச்சைக் கம்பளமாகத் தெரிவது அந்த மொட்டைதான். ஆனையிறங்கல் அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தினால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அங்கிருந்து சூரியநெல்லி போய், ஜீப் பிடித்துக் கொழுக்குமலை ஏறலாம். கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம். ஆனால் வண்டியில் போக கேரளா வழியாகத்தான் பாதை.

பிறகு கேப் ரோடு, தேவிகுளம், மூணாறு. கேப் ரோட்டில் மலையை வெட்டி அகலப்படுத்தியபோது பாறை சரிந்து மாதக்கணக்கில் வழி அடைபட்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பக்கம் வராதீர்கள். நாங்கள் கீழே மழைமறைவில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நாளில் மூணாறில் கொட்டித் தீர்க்கும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறுக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். டிசம்பர், ஜனவரிதான் நல்ல காலம்.

மூணாறில் கேட்க வேண்டிய கதை ரயில் கதை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர், பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். பின்னால் தேயிலை வந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கம் போய் ஆள் பிடித்து வந்தார்கள். தேயிலையை இறக்க 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், பெரிய சக்கரம் தரையில், இழுத்தது மாடு. 1908-ல் அது இஞ்சின் ஓடும் குறுகிய ரயிலானது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலை விளிம்பு வரை ஓடியது. 1924 ஜூலை வெள்ளம் பாலத்தையும் தண்டவாளத்தையும் வாரிக்கொண்டு போனது. மறுபடி யாரும் போடவில்லை.

அந்த ரயில் நின்ற மலை விளிம்புதான் டாப் ஸ்டேஷன். மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். இதுதான் என் கடைசி நிறுத்தம். பேரைக் கேட்டால் ஏதோ உல்லாச இடம் போல இருக்கும். ரயில் கொண்டுவந்த பெட்டிகளை ரோப்வேயில் ஏற்றிக் கீழே கொட்டகுடிக்கு அனுப்பிய மேல் நிலையம், அவ்வளவுதான். கொட்டகுடி கீழ் நிலையம். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு சீமை. அதாவது, காலையில் நீங்கள் கிளம்பிய இடத்துக்கு நேர் மேலே நிற்கிறீர்கள். மேகம் விலகினால் குரங்கணியும், அதைத் தாண்டி எங்கள் தோப்பு துரவுகளும் தெரியும். குறுக்கே கார் போக வழியில்லை, வந்த வழியே சுற்றித்தான் திரும்பணும்.

அந்தச் சரிவில் இறங்கிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் மலையேற வந்தவர்கள் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். கோடையில் போதைப்புல் காய்ந்து கிடந்தால் ஒரு பொறி போதும்.

இதையெல்லாம் தங்கச்சி மகனுக்கு அனுப்பினேன். ராத்திரி திரும்பப் பேசினான். "மாமா, கார்ல ஒரு சீட் காலியா இருக்கு. அம்மாச்சி வருமா?"

போனை அம்மாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முட்டிவலி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று ஏதாவது சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

"முந்தலுக்கு மேல புலியூத்துன்னு ஒரு அருவி இருக்குப்பா. ஜீப்புக்குள்ள நெரிசல்ல உக்காந்து சத்தம் மட்டுந்தான் கேட்டிருக்கேன். அங்க ஒரு அஞ்சு நிமிசம் நிறுத்துவியா?"

என் பட்டியலில் புலியூத்து இல்லை. அந்த ரோட்டில் நூறு தடவை போயிருப்பேன், அங்கே எந்தச் சுமையும் கைமாறியதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது அதை முதல் நிறுத்தமாக எழுதிவிட்டேன்.