இராவணன் வெட்டும் புவிச்சரிதவியற் படமும்

திருகோணமலைச் சுவாமிமலையின் செங்குத்தான முகத்தைப் பிளந்து நிற்கும் இடுக்கினை ‘இராவணன் வெட்டு’ என மக்கள் வழங்குவர். தாயின் பொருட்டுக் கோயிலைப் பெயர்க்க முயன்ற இராவணனின் வாள்தடம் அது என்பது ஐதிகம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அத்தாயின் ஈமக்கிரியைகளோடு இணைத்தே பேசப்படும். இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், பாறையின் பிளவையும் நிலத்தடி வெந்நீரையும் கண்ட மக்கள் இரண்டையும் ஒரே காரணகாரியத் தொடரில் வைத்து விளக்க முனைந்தனர் என்பதே நாம் மனங்கொளத்தக்கது. விளக்கம் புராணமாயினும் அதற்கு அடிப்படையான அவதானம் உண்மையானது.

இப்பிரதேசப் பாறைகள் ஏறத்தாழ 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு உருமாறியவை. கொல்லன் உலையிற் பழுத்த இரும்பு வளையும். குளிர்ந்த வார்ப்பிரும்பு முறியும். பாறையின் நியதியும் ஏறக்குறைய இதுவே. ஆழத்தில், வெப்பநிலையில், மெல்ல நெருக்குண்டபோது அது மடிந்தது. மேலெழுந்து குளிர்ந்தபின் நெருக்குண்டபோது பிளந்தது. மணற்கல் உருமாறிய குவாற்சைற்று தேய்வுக்கு எளிதில் இடங்கொடாமையால், மடிப்புகளின் எச்சங்களாகக் குன்றுத் தொடர்கள் எஞ்சி, திருகோணமலையிற் கடலுள் இறங்குகின்றன.

இம்மாற்றங்களைப் படத்தில் எழுதும் முறை பொறுமையை வேண்டுவது. திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு, பாறை வெளித்தெரியும் ஒவ்வோரிடத்திலும் படையின் நீட்சித்திசையும் சாய்வுக்கோணமும் குறிக்கப்படும. எதிரெதிர்த் திசைகளில் விலகிச் சாயும் படைகள் மேல்மடிப்பையும், ஒன்றையொன்று நோக்கிச் சாய்பவை கீழ்மடிப்பையும் உணர்த்தும். பிளவொன்றின் இருமருங்கும் உள்ள படைகள் நேருக்குநேர் பொருந்துமாயின் அது வெறும் மூட்டு. பொருந்தாது விலகியிருப்பின் அது பெயர்ச்சி. இராவணன் வெட்டின் முன் நிற்பவர் கேட்கவேண்டிய வினாவும் இதுவே. நாட்டின் வெந்நீரூற்றுகள் பல உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை அண்டி அமைந்திருப்பது தற்செயலன்று. பிளவுகள் வழியே ஆழஞ் சென்ற நீரே வெம்மையுற்று மீள்கிறது.

ஆயின் அறிவு சமூகத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1903இல் ஆனந்த குமாரசுவாமியின் தலைமையில் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வு தொடங்கியபோது, காலனித்துவ அரசின் நாட்டம் காரீயத்திலும் இரத்தினத்திலும் பிற கனிகளிலுமே இருந்தது. அவ்வாய்வின்போது தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருள் 1904இல் உலகுக்குத் தெரியவந்தது. எனினும் பாறை தேடிக் கிராமங்கள்தோறும் திரிந்த அவர் நலிந்துகொண்டிருந்த கைவினைஞரையும் கண்டார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூலின் பின்புலத்தில் அவ்வனுபவம் உண்டு. பாறையைப் படிக்கச் சென்றவர் உழைப்பவனைப் படித்தார் எனலாம்.

துறைமுகத்தின் கதையும் இத்தகையதே. கொட்டியாரக் குடாவினுள் ஆழ்கடற் பள்ளத்தாக்கொன்று நுழைந்திருப்பது இயற்கையின் செயல். அதன் அண்மையில் 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பியதும், 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றி 1957வரை கடற்படைத்தளம் வைத்திருந்ததும் ஏகாதிபத்தியத்தின் செயல். ஆழத்தைத் தந்தது நிலம். அதை யாருக்குப் பயன்படுத்துவது என்பதைத் தீர்மானித்தது ஆதிக்கம்.

இன்று கன்னியாவின் தொன்மைக்கு உரிமை கோரி இனங்கள் முரண்படுகின்றன. மனித இனமே தோன்றுமுன் மடிந்த பாறைக்கு இனமில்லை. வன்பாறைப் பிரதேசத்தில் நிலத்தடி நீர் பெரிதும் பிளவுகளிலேயே தங்குவதால், பிளவுகளின் படம் கிணறு தோண்டும் உழவனுக்கே முதலில் வேண்டியது. சுவாமிமலையிலிருந்து தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரம் வரையுள்ள மக்கள் தம் காலடி நிலத்தைத் தாய்மொழியிற் படிக்கத்தக்க நூல்களை ஆக்குதல் தமிழ் ஆய்வாளரின் கடமையுமாகும். புராணம் எழுப்பிய வினாவுக்கு விஞ்ஞானம் தந்த விடை, வினாவை எழுப்பிய மக்களிடமே திரும்பிச் சேரவேண்டும்.