லூஃபியின் கடலும் ரங்கசாமியின் துண்டு நிலமும்: ஒரு கதாபாத்திரத்தின் கனவு நம் மனசில் நிற்பது எதனால்?

தேனி மாவட்ட மலையடிவாரத்தில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி. மேலே எஸ்டேட்டில் இருந்து ஏலக்காய் மூட்டையைத் தோளில் ஏற்றி, ஒற்றையடிப் பாதையில் கீழே கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவர் வேலை. அவருக்கு ஒரே ஒரு ஆசை: சொந்தமாக ஒரு துண்டு நிலம்.

ஜப்பானிய சித்திரக்கதை ஒன்றில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பையன். அவனுக்குக் கடற்கொள்ளையர்களின் ராஜா ஆகணும்.

முதலாமவர் 2018 ஆகஸ்ட் 24 அன்று வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தின் ரங்கசாமி. லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்த படம். இரண்டாமவன் 1997 ஜூலையில் ஐச்சிரோ ஓடா எழுதி வரையத் தொடங்கிய ‘ஒன் பீஸ்’ மங்காவின் நாயகன் லூஃபி. (மங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ். மாங்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தேனி தனி மாவட்டமான காலத்தை ஒட்டித் தொடங்கிய அந்தக் கதை, ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டியும் இன்னும் முடியவில்லை.

ஒருவர் கேட்பது ஒரு துண்டு நிலம், இன்னொருவன் கேட்பது கடல் முழுக்க. ஆனால் இரண்டையும் பார்த்தவர்களுக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான். யாரோ ஒரு கற்பனை மனிதரின் ஆசை, நம்ம வீட்டு ஆசை மாதிரி எப்படி ஆகிவிடுகிறது? (இரண்டு கதைகளின் முக்கியமான திருப்பங்களும் முடிவும் கீழே வருகின்றன.)

முத்து காமிக்ஸ் ஹீரோக்களுக்குக் கனவு இருந்ததா?

சித்திரக்கதை தமிழ் வாசகர்களுக்குப் புதுசு இல்லை. சிவகாசியில் இருந்து 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். பின்னால் லயன் காமிக்ஸ் வந்தது, டெக்ஸ் வில்லர் வந்தார். இந்த ஹீரோக்கள் யாருக்கும் பெரிய கனவு என்று எதுவும் கிடையாது. ஒரு பிரச்சனை வரும், தீர்ப்பார்கள். அடுத்த இதழில் அடுத்த பிரச்சனை. டெக்ஸ் வில்லருக்கு வயசு கூட ஏறாது.

நீண்ட காலம் ஓடும் ஜப்பானிய சாகச மங்கா வேறு மாதிரி இயங்குகிறது. அங்கே முதல் அத்தியாயத்திலேயே நாயகன் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவான். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு சண்டையும், ஒவ்வொரு தீவும் அந்த ஆசையை நோக்கி ஒரு அடி முன்னே, இல்லையென்றால் ஒரு அடி பின்னே. வாரா வாரம் படிக்கிறவர் அந்தக் கணக்கை மனசில் போட்டுக்கொண்டே வருகிறார். கதையை நகர்த்தும் எஞ்சினே கனவுதான்.

ஆனால் எஞ்சின் இருந்தால் மட்டும் போதாது. ராஜா ஆகணும், முதல்வன் ஆகணும் என்று கத்தும் நாயகர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பலபேர் பெயர் கூட நமக்கு ஞாபகம் இல்லை.

பதவி வேண்டும் என்பது வெறும் மேல்தோல்

லூஃபி கொள்ளையர் ராஜா ஆகணும் என்கிறான். ஆனால் நாடு பிடிக்கவோ, யாரையும் ஆளவோ அவனுக்கு விருப்பமில்லை. கதை ஐநூறு அத்தியாயம் தாண்டிய பிறகு, ரேலி என்ற பெரியவரிடம் அவனே விளக்கம் சொல்கிறான்: அவனைப் பொறுத்தவரை இந்தக் கடலில் யாருக்கு அதிக சுதந்திரம் இருக்கோ, அவன்தான் ராஜா. முதல் நாளில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அதே வாக்கியத்துக்கு அங்கே அர்த்தமே மாறிப்போகிறது.

நருட்டோவும் அப்படித்தான். 1999-ல் தொடங்கி 2014-ல் 700-வது அத்தியாயத்தோடு முடிந்த கதை. தமிழில் டப் ஆகி டிவியில் வந்ததால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நல்ல அறிமுகம். ஊர்த் தலைவர் ஆகணும், அதாவது ஹோகாகே ஆகணும் என்பது அந்தப் பையனின் கூச்சல். உள்ளே இருப்பது வேறு. அம்மா அப்பா இல்லாத, ஊரே ஒதுக்கி வைத்த பிள்ளை அவன். ஒருத்தராவது தன்னை மனுஷனாகப் பார்க்க மாட்டார்களா என்ற ஏக்கம்தான் தலைவர் பதவி என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. முதல் அத்தியாயத்திலேயே இருகா வாத்தியார் தன் நெற்றிப் பட்டையைக் கழற்றி அவனுக்குக் கட்டிவிடும்போது, பாதிக் கனவு அங்கேயே நிறைவேறிவிடுகிறது.

ரங்கசாமியின் நிலமும் வெறும் நிலமாக வருவதில்லை. அதைப் புரிந்துகொள்ள கம்பம் பள்ளத்தாக்கை ஒரு சுற்று பார்த்துவிட வேண்டும்.

நிலம் ஏன் இங்கே இவ்வளவு பெரிய வார்த்தை?

1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓட வேண்டிய தண்ணீரைக் கிழக்கே திருப்பியது. அந்தத் தண்ணீரால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் இருபோகம் விளைகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர் என்பது ஆண்டுதோறும் அணை திறக்கும்போது செய்திகளில் வரும் எண். மேட்டில் திராட்சை, வாழை, தென்னை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் அந்த வயலின் கரையிலேயே வாழ்ந்தும், கையளவு நிலம் இல்லாத குடும்பங்கள் உண்டு. அதிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயக் கீழே இறங்குகிறவர்கள் அவர்கள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் போகிறது. அதைப் பறிக்கிறவருக்கும் சுமக்கிறவருக்கும் கூலி மட்டும்தான். ஆகவே ரங்கசாமிக்கு நிலம் என்பது பணம் சேர்க்கும் வழி இல்லை. விடிந்ததும் யாரோ கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டாம் என்பதுதான். லூஃபி சொல்லும் சுதந்திரத்துக்கு இது ரொம்ப தூரத்தில் இல்லை.

நமியின் 9 கோடியே 30 லட்சம்

கனவுக்கு எடை கொடுப்பது, அதற்காக ஒருவர் தரும் விலை. ‘ஒன் பீஸ்’ கதையில் இதற்குச் சரியான உதாரணம் லூஃபி அல்ல, நமி.

உலகம் முழுக்க வரைபடம் போடணும் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. அவள் ஊரை ஆர்லாங் என்ற கொள்ளையன் பிடிக்கிறான். பெரியவருக்கு 1 லட்சம் பெரி, சின்னவருக்கு 50,000 பெரி என்று தலைக்கு வரி போடுகிறான். (பெரி அந்த உலகத்து நாணயம்.) வளர்ப்புத் தாய் பெல்மேரிடம் மொத்தமாக இருந்தது 1 லட்சம். இரண்டு பெண்களுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, தனக்குக் கட்டாமல் செத்துப்போகிறாள். படம் வரையத் தெரிந்த நமியை ஆர்லாங் இழுத்துப்போய் தனக்கு வரைபடம் போடச் சொல்கிறான். 10 கோடி பெரி கொடுத்தால் ஊரையே அவளுக்கு விற்றுவிடுவதாக வாக்குக் கொடுக்கிறான்.

எட்டு வருஷம் திருடித் திருடி, தாயின் தோட்டத்து மரங்களுக்குக் கீழே புதைத்துச் சேர்க்கிறாள். 9 கோடியே 30 லட்சம் ஆகிவிட்டது. அப்போது ஆர்லாங்கிடம் காசு வாங்கிய கடற்படை அதிகாரி ஒருவன் வந்து, திருட்டுப் பணம் என்று சொல்லி அத்தனையையும் பறிமுதல் செய்துவிடுகிறான்.

இந்தக் கட்டத்தைப் படித்த எந்தத் தேனிக்காரருக்கும் ரங்கசாமி ஞாபகம் வராமல் இருக்காது. அவரும் இப்படித்தான் சேர்க்கிறார். நிலம் கிரயம் ஆகப்போகும் நேரத்தில் விற்கிறவர் குடும்பத்துக்குள் தகராறு. அப்புறம் சேர்த்த காசில் வாங்கிய ஏலக்காய் மூட்டை மலையில் சரிந்து போய்விடுகிறது. படத்தில் அந்த இடத்தில் யாரும் கதறி அழுவதில்லை. அடுத்த நாளும் சுமைதான்.

நமிக்கும் ரங்கசாமிக்கும் வித்தியாசம் ஒன்று உண்டு. நமி கடைசியில் லூஃபியிடம் உதவி கேட்கிறாள். அவன் போய் ஆர்லாங்கை மட்டும் அடிப்பதில்லை; அவளைப் பூட்டிவைத்து வரையவைத்த அந்த அறையையே உடைத்து நொறுக்குகிறான். எந்தத் திறமை அவள் கனவோ, அதுவே அவளுக்குச் சிறையாக இருந்தது என்பதை வசனமே இல்லாமல் புரிந்துகொண்ட இடம் அது. ‘ஒன் பீஸ்’ ரசிகர்கள் இன்றைக்கும் இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு சண்டைக் காட்சி காரணமில்லை.

ரங்கசாமி பக்கம் சங்கத் தோழர் சாக்கோ இருக்கிறார். ஆனால் அங்கே உடைத்துத் தள்ள ஒரு அறையோ, ஒற்றை வில்லனோ கிடையாது.

சிரிக்கிறவர்களும் சிரிக்காதவர்களும்

மங்காவில் கனவுக்கு எதிரி யார்? பெரும்பாலும் கேலி செய்கிறவர்கள். ஜாயா தீவில் லூஃபியைப் பார்த்து ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அங்கேயே மனிதர்களின் கனவுக்கு முடிவே கிடையாது என்று சொல்லித் தேற்றுகிறவன் பிளாக்பியர்ட். பின்னால் கதையின் மிகப் பெரிய எதிரிகளில் ஒருவனாக வருபவனும் அவனே. கனவு காண்பது நல்லவர்களின் சொத்து இல்லை என்பதை ஓடா இவ்வளவு சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் யாரும் சிரிப்பதில்லை. ஊரே ரங்கசாமி நிலம் வாங்கட்டும் என்றுதான் நினைக்கிறது, முடிந்தவர்கள் உதவியும் செய்கிறார்கள். ஒருவழியாக நிலமும் கைக்கு வந்துவிடுகிறது. படத்தின் நடுவிலேயே கனவு நிறைவேறிவிட்டது! வழக்கமான சினிமா என்றால் அங்கே ஒரு பாட்டுப் போட்டு முடித்திருப்பார்கள் (இசை இளையராஜா, பண்ணைப்புரத்துக்காரர்).

சிக்கல் அதற்கப்புறம்தான். விதைக்கும் உரத்துக்கும் கடன். விளைச்சல் கைகொடுக்கவில்லை. தொழிற்சங்கப் பிரச்சனை கொலை வரை போய், ரங்கசாமி சிறைக்குப் போகிறார். திரும்பி வரும்போது கடனில் நிலம் கைமாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு ஏற்ற நான்கு கணவாய்களில் ஒன்று கம்பம் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் புகுந்து வீசும். ரங்கசாமியின் நிலத்திலும் காற்றாலை நிற்கிறது. அதற்கு வாட்ச்மேன் வேலை அவருக்கே கிடைக்கிறது.

நமியைப் போலவே இங்கேயும் கனவு கண்ட இடமே காவல் கூண்டாகிறது. உடைத்து வெளியே கொண்டுவர யாரும் வரவில்லை என்பதுதான் மாற்றம். லூஃபியின் கதை ஜெயிக்கும் என்று வாசகருக்கு முதல் நாளே தெரியும்; எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். ரங்கசாமியின் கதையில் அந்த உத்தரவாதம் இல்லை. வலி கூடுதலாக இருப்பது அதனால்தான்.

போகாமல் இருப்பதும் கனவுதான்

இதே மாவட்டத்தில் இன்னொரு கதையும் உண்டு. வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊரை இழந்தவர்களின் கதை அது. அதன் நாயகர் பேயத்தேவருக்கு எங்கேயும் போக வேண்டாம். இருக்கிற மண்ணிலேயே இருந்தால் போதும். லூஃபிக்கு நேர் எதிர். தண்ணீர் ஏறி வருகிறபோது வீட்டுக்குள் கிடப்பதை மீட்கப் போய் உயிரை விடுகிறார். வாராவாரம் அவரோடு வாழ்ந்த வாசகர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சாவு மாதிரி இருந்தது. தொடர்கதைக்கு மட்டும் உள்ள பலம் இது: கனவை நாம் படிப்பதில்லை, அதோடு சேர்ந்து வயசாகிறோம்.

அந்த வகையில் ‘ஒன் பீஸ்’ வாசகர்களின் பொறுமை தனி ரகம். 2022 செப்டம்பரில் வந்த 1060-வது அத்தியாயத்துக்குத் தலைப்பே லூஃபியின் கனவு. கொள்ளையர் ராஜா ஆன பிறகு என்ன செய்யப்போகிறேன் என்று அவன் தன் கூட்டாளிகளிடம் சொல்கிறான். அவர்களின் அதிர்ச்சியும் சிரிப்பும் படத்தில் வருகிறது. அவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் ஓடா எழுதவில்லை.