ஓகே கம்ப்யூட்டர்

ஓகே கம்ப்யூட்டர் இங்கிலாந்தின் மாற்று ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் மூன்றாவது ஆல்பம். 1997 மே 21 அன்று ஜப்பானிலும், ஜூன் 16 அன்று பிரிட்டனிலும், ஜூலை 1 அன்று அமெரிக்காவிலும் வெளிவந்தது. 12 பாடல்கள், 53 நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நீளம். குழுவினரும் ஒலிப்பொறியாளர் நைஜல் காட்ரிச்சும் சேர்ந்து தயாரித்தார்கள். வேகம், பயணம், தனிமை, நுகர்வு, இயந்திரங்களுக்கு நடுவே உணர்ச்சி மரத்துப்போதல் ஆகியவை இதன் கருப்பொருள்கள். 1990களின் ராக் இசையில் மிக முக்கியமான படைப்புகளுள் ஒன்றாக விமர்சகர்கள் இதை மதிக்கிறார்கள்.

பின்னணி

ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் அபிங்டன் பள்ளியில் படித்த ஐந்து மாணவர்கள் 1985இல் தொடங்கிய குழு இது. தாம் யார்க் பாடகர். கிட்டாரும் பியானோவும் வாசிப்பவர். ஜானி கிரீன்வுட் கிட்டாரையும் விசைக் கருவிகளையும் கையாள்கிறார். அவருடைய அண்ணன் காலின் கிரீன்வுட் பேஸ் கிட்டார், எட் ஓ'பிரையன் கிட்டார், ஃபிலிப் செல்வே டிரம்ஸ். 1991இல் இஎம்ஐ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 'க்ரீப்' என்ற பாடல் உலகப் புகழ் தந்தது. ஒரே பாட்டோடு நின்றுவிடும் குழு அல்ல என்பதை 1995இல் வந்த 'த பெண்ட்ஸ்' ஆல்பம் காட்டியது.

அதே 1995 செப்டம்பரில், போஸ்னியப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நிதி திரட்டும் 'ஹெல்ப்' ஆல்பத்துக்காக 'லக்கி' என்ற பாடலை ஐந்தே மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆல்பத்தின் திசையைக் காட்டிய பாடல் அதுதான். காட்ரிச்சுடன் வேலை செய்வது தங்களுக்கு ஒத்துவருகிறது என்பதும் அப்போதே புரிந்தது. அதுவரை முழு ஆல்பம் எதையும் தயாரித்திராத அந்த இளைஞரை நம்பி அடுத்த முயற்சியில் இறங்கினார்கள்.

ஆல்பத்தின் பெயர் டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'த ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' என்ற வானொலித் தொடரிலிருந்து வந்தது. 1996 சுற்றுப்பயணத்தின்போது பேருந்தில் குழுவினர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்' என்ற தலைப்பும், எப்போதும் சோர்ந்தே இருக்கும் அக்கதையின் ரோபோவைக் குறிப்பதே.

பதிவு

1996 கோடையில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் டிட்காட் அருகே, ஆப்பிள் சேமித்து வைக்கும் பழைய கொட்டகை ஒன்றை ஒத்திகைக்கூடமாக மாற்றி வேலையைத் தொடங்கினார்கள். அங்கே சில பாடல்கள் முடிந்தன. இடையில் அலானிஸ் மோரிசெட்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்பாக மேடையேறி, புதிய பாடல்களை மக்கள் முன் வாசித்துப் பார்த்தார்கள். செப்டம்பரில் பாத் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் கேத்தரின்ஸ் கோர்ட் என்ற பழைய மாளிகைக்குக் குடிபெயர்ந்தார்கள். அப்போது அது நடிகை ஜேன் சீமோருக்குச் சொந்தமாக இருந்தது.

மாளிகையின் அறைகளே ஒலிக் கருவிகளாயின. 'எக்ஸிட் மியூசிக்' பாடலில் யார்க்கின் குரலைச் சூழ்ந்திருக்கும் இயல்பான எதிரொலி, அவர் கல் படிக்கட்டில் நின்று பாடியதால் கிடைத்தது. 'லெட் டவுன்' அதிகாலை மூன்று மணிக்கு நடனக்கூடத்தில் பதிவானது. ஆல்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, அனைவரும் ஒன்றாக அமர்ந்து நேரடியாக வாசித்தது என்று ஓ'பிரையன் மதிப்பிட்டிருக்கிறார். 'நோ சர்ப்ரைசஸ்' பாடலைப் பலமுறை வாசித்துப் பார்த்த பிறகும், முதல் முறை வாசித்ததையே வைத்துக்கொண்டார்கள். இயந்திர யுகத்தின் ஆல்பம் என்று பெயர் பெற்ற இதில் காதில் விழுவது பெரும்பாலும் ஐந்து பேரின் கைகளும் ஒரு பழைய வீட்டின் சுவர்களும்தான். தந்தி வாத்தியப் பகுதிகள் 1997 ஜனவரியில் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்க்கப்பட்டன.

இசை

மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் ப்ரூ' (1970) ஆல்பத்தின் அடர்த்தியும் அச்சமூட்டும் சூழலும் தன்னை ஈர்த்ததாக யார்க் சொல்லியிருக்கிறார். திரையிசையமைப்பாளர் என்னியோ மோரிகோனே, ஜெர்மன் குழுவான கேன், பீட்டில்ஸ் ஆகியோரின் செல்வாக்கும் உண்டு. இவற்றைக் கலந்ததால் வழக்கமான கிட்டார் ராக் வடிவத்திலிருந்து குழு வெகுவாக விலகியது.

முதல் பாடலான 'ஏர்பேக்'கின் தாளம் அந்த விலகலுக்கு நல்ல சான்று. செல்வே வாசித்ததிலிருந்து சில விநாடிகளை மட்டும் வெட்டியெடுத்து, மேக்கின்டாஷ் கணினியில் மாற்றியமைத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். பதிவான ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டி இசையமைக்கும் கலைஞர் டிஜே ஷேடோவின் முறை இதற்கு முன்மாதிரி. பேஸ் கிட்டார் தொடர்ந்து ஒலிக்காமல் நின்று நின்று நுழைகிறது.

'பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்' ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வெவ்வேறு மனநிலையுடைய பகுதிகளை இணைத்துக் கட்டிய பாடல் அது. பீட்டில்ஸின் 'ஹேப்பினஸ் இஸ் எ வார்ம் கன்' இதற்கு உந்துதல். தொடக்கக் கால மேடை வடிவம் 14 நிமிடங்களைத் தாண்டியது. அதன் முடிவில் வந்த நீண்ட ஆர்கன் வாசிப்பைப் பிறகு நீக்கினார்கள். 'லெட் டவுன்' பாடலில் ஜானியின் கிட்டார் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட தாளக்கணக்கில் ஓடுவதால், பல மணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஒலிப்பது போன்ற மயக்கம் பிறக்கிறது.

'க்ளைம்பிங் அப் த வால்ஸ்' பாடலுக்கு ஜானி 16 தந்தி வாத்தியங்களை, கால் சுர இடைவெளிகளில் உரசும்படி எழுதினார். போலந்து இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கி ஹிரோஷிமாவில் இறந்தோருக்காக எழுதிய இரங்கலிசையே இதற்குத் தூண்டுகோல். நேர்மாறாக, 'நோ சர்ப்ரைசஸ்' கிளாக்கன்ஸ்பீலின் மெல்லிய மணியோசையோடு தாலாட்டுப்போல நகர்கிறது. அந்த இனிமைக்குள் வாழ்க்கை அலுத்துப்போன ஒருவரின் பேச்சு ஒளிந்திருப்பதால்தான் அது கேட்பவரை உலுக்குகிறது.

கருப்பொருள்கள்

கணினி பற்றிய ஆல்பம் என்று பலர் இதைச் சொன்னாலும், பாடல்களில் அதிகம் வருவது போக்குவரத்து. 'ஏர்பேக்' ஒரு கார் விபத்தில் உயிர் தப்பியவரின் வியப்பு. 1987இல் யார்க்கே ஒரு கார் விபத்தில் சிக்கியிருந்தார். 'லெட் டவுன்' சாலைகளிலும் விமானங்களிலும் கழியும் வெறுமையைச் சொல்கிறது. 'லக்கி' விமான விபத்தொன்றைக் கடந்து வந்தவரின் குரல். 'சப்டெரேனியன் ஹோம்சிக் ஏலியன்' பாடலில், பூமியில் ஒட்ட முடியாத ஒருவர் வேற்றுக்கிரகவாசிகள் தன்னைத் தூக்கிச் செல்ல மாட்டார்களா என ஏங்குகிறார். மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிய குழுவின் களைப்பு இவை அனைத்திலும் படிந்திருக்கிறது.

இரண்டாவது கருப்பொருள் அதிகாரமும் சந்தையும். 'எலெக்ஷனியரிங்' தேர்தல் அரசியலைச் சாடுகிறது; நோம் சோம்ஸ்கியின் எழுத்துகளை யார்க் அப்போது வாசித்துவந்தார். 'ஃபிட்டர் ஹேப்பியர்' பாடலே அல்ல. மேக்கின்டாஷின் செயற்கைக் குரல், உடல்நலம், வேலை, சேமிப்பு குறித்த அறிவுரைகளை உணர்ச்சியின்றி அடுக்குகிறது. ஆல்பத்தில் இயந்திரமே முழுக்க முழுக்கப் பேசும் பகுதி இது. அது பேசுவது மனிதர்கள் ஒருவருக்கொருவர் நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் அறிவுரைகளை.

மூன்றாவது, அன்பும் தப்பித்தலும். 'எக்ஸிட் மியூசிக்', பாஸ் லர்மன் இயக்கிய 'ரோமியோ + ஜூலியட்' (1996) படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது ஒலிக்க எழுதப்பட்டது. ஒற்றைக் கிட்டாரும் குரலுமாகத் தொடங்கி, மெலோட்ரானின் பாடகர்குழு ஒலி சேர்ந்து, இரைச்சலிட்ட பேஸோடு உச்சம் தொடுகிறது. கடைசிப் பாடலான 'த டூரிஸ்ட்' ஜானி எழுதியது. அவசரமாக ஓடும் ஒருவரை நிதானிக்கச் சொல்லும் மெதுவான பாட்டு அது. வேகத்தின் விபத்தில் தொடங்கிய ஆல்பம் வேகத்தைக் குறைக்கச் சொல்லி முடிவதால், பாடல்களின் வரிசையே ஒரு வாதமாகிறது.

அட்டைப்படம்

ஓவியர் ஸ்டான்லி டான்வுட்டும் யார்க்கும் கணினியில் உருவாக்கிய படத்தொகுப்பு இது. செய்த திருத்தத்தை மீளப்பெறும் வசதியைப் பயன்படுத்துவதில்லை என்று தங்களுக்கே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். பிடிக்காததை அழித்தழித்து வரைந்ததால், வெளிறிய வெள்ளையும் நீலமுமான பரப்பில் நெடுஞ்சாலை வளைவுகள் பாதி மறைந்து தெரிகின்றன.

வெளியீடும் வரவேற்பும்

அமெரிக்காவில் வெளியிட்ட கேபிடல் நிறுவனம், வானொலிக்கு ஏற்ற பாடல்கள் இல்லையென்று கருதி விற்பனை மதிப்பீட்டை 20 லட்சத்திலிருந்து 5 லட்சமாகக் குறைத்தது. நடந்தது வேறு. ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் 21ஆம் இடத்தையும் பிடித்தது. தனிப்பாடல்களுள் 'பேரனாய்ட் ஆண்ட்ராய்ட்' பிரிட்டனில் 3ஆம் இடத்தையும், 'கர்மா போலீஸ்' 8ஆம் இடத்தையும், 'நோ சர்ப்ரைசஸ்' 4ஆம் இடத்தையும் எட்டின. 1998இல் சிறந்த மாற்று இசை ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ஆல்பத்தின் வெளியீட்டைத் தொடர்ந்த உலகச் சுற்றுப்பயணம் குழுவை எவ்வளவு சோர்வடையச் செய்தது என்பதை கிராண்ட் ஜீ இயக்கிய 'மீட்டிங் பீப்புள் இஸ் ஈசி' (1998) ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது.

தாக்கம்

இதே பாணியில் இன்னொன்றைச் செய்ய ரேடியோஹெட் விரும்பவில்லை. 2000இல் வந்த 'கிட் ஏ' மின்னணு இசையை நோக்கித் திரும்பியது. ஓகே கம்ப்யூட்டரை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2014ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2017இல், வெளிவராத மூன்று பாடல்களுடன் 'ஓகேநாட்ஓகே' என்ற இருபதாண்டு நிறைவுப் பதிப்பு வந்தது. 2019இல் அக்கால ஒத்திகைப் பதிவுகள் திருடப்பட்டுக் கசிந்தபோது, 16 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்த ஒலிகளைக் குழுவே விற்பனைக்கு வெளியிட்டு, வருவாயைப் பருவநிலை இயக்கமான எக்ஸ்டிங்ஷன் ரெபெலியனுக்கு வழங்கியது.

ஜாஸ் பியானோக் கலைஞர் பிராட் மெல்டாவ் இதன் பாடல்களைச் சொற்களின்றி வாசித்திருக்கிறார். 2006இல் ஈசி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ் முழு ஆல்பத்தையும் ரெகே வடிவில் 'ரேடியோட்ரெட்' என்று வெளியிட்டார்கள். ஒலிப்பதிவு நுட்பத்தைக் களைந்துவிட்டாலும் இந்தப் பாடல்களின் மெட்டுகள் தாமே நிற்கின்றன என்பதற்கு இவை சான்று. காலத்தைப் பற்றிய கவலையால் புகழ்பெற்ற ஆல்பம், பாட்டின் வலிமையால் நிலைத்திருக்கிறது.